அத்தான் பூட்டிய ஏழாவது கதவு

என் அக்காவின் வீட்டுக்காரர் ஒரு பழைய கோட்டையில் முப்பத்தொரு வருஷம் வாசல் காவலராக இருந்தார். காலையில் ஆறு கதவுகளைத் திறப்பார். மாலையில் அதே ஆறு கதவுகளைப் பூட்டுவார். பிறகு அலுவலக அறையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'ஏழு கதவுகளும் பூட்டப்பட்டன' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

நான் நீதிமன்ற வாசலில் மனு தட்டச்சு செய்து பிழைப்பவன். ஊரார் பொய்யையெல்லாம் நாள் முழுக்க எழுத்துப்பிழை இல்லாமல் அடித்துக் கொடுக்கிறேன். அதனால் பொய் எனக்குப் புதிதில்லை. ஆனால் அத்தானுக்குப் பொய் வராது. கத்தரிக்காய் சொத்தையாக இருந்து, அக்கா "பாத்துத்தானே வாங்கினீங்க?" என்று கேட்டால், "இல்ல, பேசிக்கிட்டே வாங்கிட்டேன்" என்று அப்படியே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் தினமும் ஒரே பொய்யை எழுதிக்கொண்டிருந்தார் என்றால், அதற்குக் காரணம் அந்தக் கோட்டைதான்.

அந்தக் கோட்டையை யாரும் பிடித்ததே இல்லை. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. எப்படிப் பிடிக்காமல் போனார்கள் என்று விசாரித்தால் பெருமை கொஞ்சம் இறங்கும். முதல் படை மழைக்காலத்தில் வந்தது. அகழிச் சேற்றில் இடுப்புவரை மாட்டிக்கொண்டு கத்த, உள்ளே இருந்தவர்கள் பாவப்பட்டுக் கயிறு போட்டுத் தூக்கிவிட, நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனது. இரண்டாவது படை பதினோரு மாதம் முற்றுகையிட்டது. சாப்பாடு தீர்ந்தது என்னவோ வெளியே இருந்தவர்களுக்குத்தான். கோட்டைக்குள்ளிருந்தே தானியம் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, வெட்கமாகிப்போய்க் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டது. மூன்றாவது படை ஒரு பிரம்மாண்டமான பீரங்கியை இழுத்துக்கொண்டு வந்தது. கோட்டைக்கு அரை மைல் இருக்கும்போதே அது பாரம் தாங்காமல் மண்ணில் புதைந்துவிட்டது. இப்போது பிள்ளைகள் அதன்மேல் ஏறிச் சறுக்குகிறார்கள்.

இன்றைக்கு அங்கே போகிறவர்கள் சீட்டு வாங்குகிறார்கள், பெரிய வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள், "உள்ள ஒண்ணுமே இல்லியே" என்கிறார்கள், கழிவறை எங்கே என்று கேட்கிறார்கள், வெளியே வருகிறார்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்குள் அத்தான் அவர்களைப் பிடித்து நிறுத்தி மூன்று படைகளின் கதையையும் சொல்லிவிடுவார். கடைசியில் மதிலைத் தட்டிக் காட்டி, "நானூறு வருஷம். ஒரு கல்லைக்கூட ஒருத்தனும் அசைக்கல" என்பார். அதைச் சொல்லும்போது அவர் ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருப்பார்.

ஏழாவது கதவு பிறந்தது அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். கோட்டையில் எத்தனை கதவு என்று கேட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அப்போதிருந்த குமாஸ்தாவுக்கு மூட்டுவலி. "தம்பி, நீங்க ஒரு சுத்து போய் எண்ணிட்டு வந்துருங்க" என்று அனுப்பினார். அங்கே கோண வாசல் என்று ஒன்று உண்டு. எதிரியைக் குழப்புவதற்காகப் பாதையை இரண்டு முறை மடக்கிக் கட்டிய வாசல். அதன் கதவை உள்ளேயிருந்து பார்த்தால் வெறும் பலகையும் குறுக்குச் சட்டமும். வெளியே போய்ப் பார்த்தால் ஆணி அடித்த இரும்புத் தகடு. இரண்டும் ஒன்று என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. அத்தான் உள்ளே நின்று ஒன்று எண்ணினார். மதிலைச் சுற்றி வெளிப்பக்கம் வந்து இன்னொன்று எண்ணினார். நானூறு வருஷத்தில் அந்தக் கோண வாசல் குழப்பிய ஒரே ஆள் எங்கள் அத்தான்தான். அவரும் எதிரி இல்லை, உள்ளாள்.

நாலாம் நாள் எண்ணெய் போடப் போனபோதுதான் சாவி ஆறு, கதவு ஏழு என்று உறைத்தது. அதற்குள் ஏழு என்ற எண் தலைமை அலுவலகம் போய், அச்சாகி, முத்திரை குத்திக்கொண்டு, ஏழு கதவுக்கான எண்ணெயும் வந்து இறங்கிவிட்டது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் அக்காவோடு கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது. வாயைத் திறந்தால் இரண்டும் போய்விடும் என்று பயந்து விஷயத்தை மென்று முழுங்கிவிட்டார். அன்று மாலைதான் முதன்முதலாக ஏழு என்று எழுதினார்.

எழுதிய கதவு சும்மா இருக்குமா? ஆறாம் வருஷம் ஒரு கேள்வி வந்தது. மற்ற கதவுகளுக்கெல்லாம் பழுதுபார்க்கக் கேட்டிருக்கிறீர்களே, ஏழாவதற்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? அத்தான் 'கீல் தேய்ந்துவிட்டது' என்று பதில் எழுதினார். புதுக் கீல் வந்தது. பன்னிரண்டாம் வருஷம் 'ஒரு பக்கம் கரையான்' என்று எழுதினார். மருந்து வந்தது. உயரம் கேட்டார்கள், எட்டடி என்றார். என்ன மரம் என்றார்கள், தேக்கு என்றார். அவருக்குத் தேக்கு பிடிக்கும்.

ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, 'ஏழு கதவுகளையும் நேரில் பார்வையிட்டேன்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். பதினோரு அதிகாரிகள் அப்படி நேரில் பார்வையிட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், 'ஏழாம் கதவு மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படுகிறது' என்று பாராட்டியே வைத்தார். அதில் தப்புச் சொல்ல முடியாது. மற்ற ஆறு கதவுகளிலும் காதலர்கள் ஆணியால் பெயர் கீறி வைத்திருந்தார்கள். ஏழாவதில் ஒரு கீறல் கிடையாது.

இப்படியே ஓய்வுபெறப் பதினெட்டு நாள் வரைக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்போதுதான் புது அதிகாரி வந்து சேர்ந்தார். முப்பது வயதுப் பெண். ஓட்டப் பந்தயத்துக்குப் போடுகிற காலணியோடு வந்து நின்று, "பொறுப்பு ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி எல்லாக் கதவையும் ஒரு தடவ பாத்துரலாமா?" என்றார். நடக்கக்கூடிய அதிகாரி ஒருவர் வருவார் என்று அத்தான் கனவிலும் நினைத்ததில்லை.

வேறு வழி தெரியாமல், தன்னைக் குழப்பிய வழியிலேயே அவரையும் கூட்டிப்போனார். கோண வாசலை முதலில் உள்ளேயிருந்து காட்டினார். பிறகு மதிலைச் சுற்றி அழைத்துப் போய் வெளியேயிருந்து காட்டினார். ஆனால் அந்த அம்மா ஒவ்வொரு வாசற்படிக் கல்லிலும் சுண்ணக்கட்டியால் எண் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

"இது அஞ்சாவதுங்க. இதோ, நான் போட்ட அஞ்சு. ஏழாவது எங்க?"

அத்தான் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார்.

"கடைசியா எப்ப பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அந்த அம்மா பதிவேட்டைப் பிரித்தார். அன்றைய தேதியில் அத்தானின் கையெழுத்தில் பளிச்சென்று இருந்தது: ஏழாம் கதவு, காலை ஆறு பத்து, திறந்து எண்ணெய் இடப்பட்டது.

"ஆறு பத்துக்கு இருந்திருக்கு. இப்ப மணி பதினொண்ணு. அப்ப நடுவுல யாரோ கழட்டிட்டுப் போயிருக்காங்க."

அத்தான் தலையை ஆட்டிவைத்தார். மத்தியானம் போலீஸ் வந்தது. ஏட்டு நோட்டை விரித்து, "அடையாளம் சொல்லுங்க" என்றார். பதற்றத்தில் அத்தான் பதிவேட்டில் இருந்ததை அப்படியே ஒப்பித்தார். தேக்கு, எட்டடி, புதுக் கீல், ஒரு பக்கம் கரையான்.

சாயங்காலம் என் கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்ளே, ஒரு கதவு காணாம போயிடுச்சு."

"எந்தக் கதவு?"

"இல்லாத கதவு."

அன்றைக்குத்தான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. கேட்டு முடிக்கும்வரை தட்டச்சு இயந்திரத்தின் மேல் தலையை வைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லாத கதவுக்கு அடையாளம் வேற சொன்னீங்களா அத்தான்?"

"கேட்டாங்களே, என்ன பண்றது?"

"சரி, போகட்டும். இனிமே வாயத் திறக்காதீங்க. இல்லாத கதவ எவனும் கண்டுபிடிக்கப் போறதில்ல. நாலு நாள் தேடுவாங்க, அப்புறம் தூக்கிப் போட்டுருவாங்க."

பணம் வாங்காமல் சொன்ன யோசனை என்பதாலோ என்னவோ, அதன் லட்சணம் நாலாம் நாளே தெரிந்துவிட்டது. போலீஸ் கதவைக் கண்டுபிடித்துவிட்டது.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. எது இரும்பு, எது இல்லை என்று பார்க்க எப்போதும் கழுத்தில் கயிறு கட்டி ஒரு காந்தத்தைத் தொங்கவிட்டிருப்பதால் எல்லோரும் அவரைக் காந்தம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கடையில், சாக்கு போர்த்தி, சுவரில் சாய்த்து ஒரு கதவு இருந்திருக்கிறது. தேக்கு. எட்டடி. புதுக் கீல். ஒரு பக்கம் கரையான். இடித்த வீட்டில் வாங்கியது என்று அவர் சொல்லியிருக்கிறார். ரசீது இல்லை. பட்டப்பகலில், நூறு பேர் சுற்றிப் பார்க்கிற கோட்டையிலிருந்து, எட்டடிக் கதவை மூன்று சக்கர மிதிவண்டியில் ஒற்றை ஆளாகக் கடத்திய குற்றத்துக்காக அவரை உள்ளே வைத்துவிட்டார்கள். கதவு கோட்டைக் கதவுதான் என்று அத்தான் வந்து அடையாளம் காட்ட வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் காலை அக்கா அவருக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். "ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருங்க. ஏழு கதவையும் ஒப்படைச்சாத்தான் விடுவிப்பு உத்தரவு தருவாங்களாம். அது இல்லாம ஓய்வூதியம் இல்ல. இந்தக் குடியிருப்பையும் காலி பண்ணணும். நாம எங்க போறது, சொல்லுங்க?"

நானும் ஒத்து ஊதினேன். "அந்த ஆளுக்கு நான் இலவசமா ஜாமீன் மனு அடிச்சுத் தர்றேன், அத்தான். நீங்க உங்க வேலையப் பாருங்க." இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஸ்டேஷன் முற்றத்தில் கதவை வெயிலில் கிடத்தியிருந்தார்கள். காந்தம் வராந்தாத் தரையில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது ஆள், ஒடிசலான உடம்பு. கழுத்திலிருந்த காந்தத்தைக்கூட ஆயுதம் என்று கழற்றி வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, அத்தானைப் பெரிய அதிகாரி என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"ஐயா, ஒரே ஒரு விஷயம். கதவ வெயில்ல போட்டிருக்காங்க. பலகை வெடிச்சிரும். நிழல்ல வெக்கச் சொல்லுங்க."

"யோவ், உன்னயே உள்ள வெச்சிருக்கு, உனக்குக் கதவு கவலையா?" என்றார் ஏட்டு.

அத்தான் கதவருகே குந்தி உட்கார்ந்தார். கீலைத் தொட்டுப் பார்த்தார். கரையான் அரித்த பக்கத்தில் யாரோ பொறுமையாக மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, தேய்த்து, எண்ணெய் ஏற்றியிருந்தார்கள். முப்பத்தொரு வருஷம் கதவோடு வாழ்ந்தவருக்கு அது எத்தனை நாள் வேலை என்று தெரியும். அவர் முகம் மாறிப்போனதை நான் பார்த்தேன். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

"இது இல்லீங்க" என்றார்.

"நல்லாப் பாருங்க. நீங்க சொன்ன அடையாளம் அத்தனையும் பொருந்துது."

"அடையாளமே பொய்ங்க. ஏழாவது கதவுன்னு ஒண்ணு கிடையாது. நான் சின்ன வயசுல தப்பா எண்ணிட்டேன். இவர விட்டுருங்க."

ஏட்டு பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். பிறகு தொலைபேசியில் புது அதிகாரியை வரச் சொன்னார்.

அந்த அம்மா பதிவேட்டோடு வந்தார். அத்தான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கோண வாசல், ஆறு சாவி, பயம், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷி இல்லை. கேட்டு முடித்ததும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"உங்க ஒருத்தர் கையெழுத்துன்னா பொய்யின்னு முடிச்சிருவேன். இதுல பதினோரு அதிகாரிங்க நேர்ல பாத்ததா எழுதியிருக்காங்க. ரொம்பச் சிறப்பா இருக்குன்னு பாராட்டினவர்தான் இப்ப எங்க இயக்குநர். அவர் பாத்த கதவு இல்லன்னு நான் எப்படி எழுதுறது? கதவு இருக்கு. களவு போயிருக்கு, இல்ல கோட்டையிலயே இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான். களவு போயிருந்தா இவர்தான் திருடர்."

காந்தம் யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் அவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் முதல்தடவையாக, யோசித்து ஒரு பொய் சொன்னார்.

"கோட்டையிலதான் இருக்கு மேடம். மதிலுக்குள்ள. என்னைக்கோ அடைச்சுப் பூசிட்டாங்க. இடிச்சுப் பாத்தா வாசல் தெரியும்."

"எந்த இடம்?"

"காட்டுறேன்."

அன்று மத்தியானம் மதிலைத் தொட்டுக்கொண்டே கோட்டையைச் சுற்றினார். நாங்கள் பின்னாலேயே போனோம். தெற்கே, சேற்றில் மாட்டிய படையைக் கயிறு போட்டுத் தூக்கிய இடத்தில் கொஞ்சம் நின்றார். மனசு வரவில்லை. கிழக்கே தானியம் இறக்கிய சாளரம் வந்தது. அதையும் தாண்டினார். வடமேற்கு மூலையில், கழிவறைக்குப் பின்னால், எந்தச் சரித்திரமும் நடக்காத பதினைந்தடி மதில் ஒன்று இருந்தது. அதில் கையை வைத்து, "இங்க" என்றார்.

மதில் லேசில் விடவில்லை. துளை போடும் இயந்திரம் இரண்டு பழுதாகிவிட்டன. "இத யாரு சார் கட்டினது? நாக்குத் தள்ளுது" என்று மேஸ்திரி அலுத்துக்கொண்டபோது அத்தானுக்குப் பெருமையும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மூன்றாம் நாள் ஒரு கல் அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டை வழியே வண்டி நிறுத்துமிடம் தெரிந்தது. மூன்று படைகளால் ஆகாததை எங்கள் அத்தான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், தூசி என்று சொல்லிக்கொண்டு.

உள்ளே வாசலும் இல்லை, கதவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் இப்போது ஓட்டை இருந்தது. அந்த அம்மா அதை அளந்து பார்த்தார். ஒன்பதடி உயரம். உடனே அறிக்கை தயாரானது. ஏழாம் வாசல் கண்டறியப்பட்டது. அதன் கதவு பழுதுபார்ப்பதற்காகப் பழைய இரும்புக் கடையில் கொடுத்து வைக்கப்பட்டிருந்தது. திருட்டு ஏதும் நிகழவில்லை. பழுதுபார்க்கப் போன கதவு அன்று காலை ஆறு பத்துக்கு எப்படித் திறந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"மேடம், அது அந்த ஆளோட சொந்தக் கதவு" என்றார் அத்தான்.

"தெரியும். அத அவர்கிட்ட குடுத்தா நம்ம கதவு இல்லன்னு ஆகும். அப்ப நம்ம கதவு எங்கன்னு கேப்பாங்க. மறுபடி அவரத்தான் பிடிப்பாங்க. ஆளா, கதவா? நீங்களே சொல்லுங்க."

அத்தான் ஆள் என்றார். ஒன்பது நாள் உள்ளே இருந்துவிட்டுக் காந்தம் வெளியே வந்தார். கதவு அரசாங்கத்துக்குப் போயிற்று.

குறித்த நாளில் அத்தான் ஓய்வுபெற்றார். ஏழு கதவுகளையும், புதிதாகச் செய்த ஒன்றோடு ஏழு சாவிகளையும் ஒப்படைத்தார். தேநீரும் பிஸ்கெட்டும் கொடுத்து, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஓய்வூதியம் ஒழுங்காக வந்தது. இருந்த சேமிப்போடு ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து இரண்டு அறை வீடு ஒன்று கட்டிக் குடிபோனார்கள். செலவைச் சுருக்கிச் சுருக்கிக் கட்டிய வீடு. முன்கதவு மட்டும் தேக்கு. அக்கா அதைத் தினமும் துடைப்பாள், வருகிறவர்களிடமெல்லாம் தட்டிக் காட்டுவாள்.

அத்தானுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. "ரெண்டு அறைக்குள்ள கோட்டை சுத்துற மாதிரி சுத்துறார்டா. கூட்டிட்டுப் போய் ஒரு தடவ காட்டிட்டு வா" என்று அக்கா என்னிடம் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டு வாங்கிக்கொண்டு போனோம். தன் கோட்டைக்குச் சீட்டு வாங்கியதில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். ஏழாம் வாசலில்தான் கூட்டம். கழிவறைக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் அது குறுக்கு வழியாக அமைந்துவிட்டது. புதிதாக வந்த வழிகாட்டி ஓர் இளைஞன், கையை வீசிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இரண்டாவது முற்றுகையில எதிரிப்படை இந்த வாசலை உடைச்சுக்கிட்டுத்தான் உள்ள நுழைஞ்சுது."

"எவன் சொன்னது?" என்று பாய்ந்தார் அத்தான். "இந்தக் கோட்டைய எவனும் பிடிக்கல!"

வழிகாட்டி அவரை ஓரமாக அழைத்து வந்தான். "கோச்சுக்காதீங்க சார். ஒருத்தனும் பிடிக்கலன்னு சொன்னா ஜனங்க கொட்டாவி விடுறாங்க. ஒரு தடவயாவது விழுந்தாத்தான் நின்னு கேக்குறாங்க."

 அதற்குள் அத்தானின் கண் கதவின்மேல் போயிருந்தது. அங்கே காந்தம் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் காந்தம் மறுபடி தொங்கியது. ஒரு கையில் நுழைவுச் சீட்டு, மறுகையில் எண்ணெய்த் துணி. கீலைத் துடைத்துக்கொண்டிருந்தார். புதுக் காவலர், "தொடாதீங்க, புராதனச் சின்னம்" என்று அதட்டவும், துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒதுங்கினார்.

அத்தானைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க ஐயா! உங்களாலதான் வெளிய வந்தேன். நல்லா இருக்கணும் நீங்க."

அத்தானால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தினமும் வர்றீங்களா?"

"ஞாயித்துக்கிழம மட்டும். தெனமும் சீட்டு வாங்கக் கட்டுப்படியாகாது."

"கடையில இன்னொரு கதவு கிடைக்காதா?" என்று நான் கேட்டேன். எப்போதும் தப்பான கேள்வியைக் கேட்பது என் வழக்கம்.

"கிடைக்கும் தம்பி. ஆனா இது விக்கிறதுக்கு வாங்கினது இல்ல. தகரக் கொட்டகையில இருக்கோம். இருபது வருஷமா வாசல்ல சாக்குதான் தொங்குது. ஊரெல்லாம் இடிக்கிற வீட்டுக் கதவு என் கையாலதான் போகுது, எனக்கு ஒண்ணு இல்ல. அதான் நல்லதா ஒண்ணப் பாத்து எடுத்து வெச்சேன். மொதல்ல கதவு இருக்கட்டும், அதுக்கு ஏத்த மாதிரி வீடு கட்டிக்கலாம்னு." கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பரவால்ல. இங்க நல்லாத்தான் இருக்கு. மேல கூரை இல்ல, அதுதான் கவலை."

திரும்பும் வழியெல்லாம் நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். விதி, சட்டம், அரசாங்கம் என்று கைக்கு வந்ததையெல்லாம் எடுத்து விட்டேன். வீட்டுக்குப் போனதும் அத்தான் சட்டையைக்கூடக் கழற்றாமல் திருப்புளியை எடுத்து முன்கதவின் கீலில் வைத்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்று ஓடிவந்தாள் அக்கா.

அத்தான் திருகிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். சாக்கு, கொட்டகை, ஞாயிற்றுக்கிழமைச் சீட்டு, எல்லாம் சொன்னார். "அந்த ஆளோட கதவ வெச்சுத்தான் நான் ஓய்வூதியம் வாங்குறேன். அதுல கட்டின வீட்டுல கதவ மூடிட்டு என்னால உக்கார முடியல."

அக்கா முந்தானையால் கதவை ஒருமுறை துடைத்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்து அந்தக் கதவைப்போல அவள் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் வேறு கிடையாது.

"கீலையும் சேத்துக் கழட்டுங்க" என்றாள். "கீல் இல்லாத கதவ வெச்சு அவர் என்ன பண்ணுவார்?"

நானும் அத்தானும் வாடகை வண்டி பிடித்துக் கதவைக் கொண்டுபோய் இறக்கினோம். வெயில் தாழ்ந்திருந்தது. காந்தம் கொட்டகையின் சாக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். அதன்பிறகு காந்தம் கதவைச் சுவரில் சாய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கீழிருந்து மேல்வரை சாண் போட்டு அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அதவிட இது ரெண்டு சாண் கொறச்சல்ங்க. பரவால்ல. வீட்டக் கொஞ்சம் சின்னதாக் கட்டிக்கிறேன்."